நினைவக ஒதுக்கீடு தோற்கும்போது கெர்னல் எச்சரிக்கத்தான் வேண்டுமா?

சேவையகக்காவலன் எழுதியது:

நான் பராமரிக்கும் லினக்ஸ் சேவையகங்களில், பேக்கப் வேலைகள் ஓடும் வேளையில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் லாகில் "பேஜ் அலகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 0" (நினைவகப் பக்க ஒதுக்கீடு தோற்றது; ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், ஆர்டர் ஒன்று கூடும்போதெல்லாம் அது இரட்டிக்கும்) என்று தொடங்கும் நீண்ட அறிக்கைகள் அவ்வப்போது பதிவாகின்றன. கூடவே எந்தச் செயல்பாடு எதை அழைத்தது என்று காட்டும் ஒரு ஸ்டாக் டிரேஸ், ஒவ்வொரு நினைவக மண்டலத்திலும் எத்தனை பக்கங்கள் காலியாக உள்ளன என்ற பட்டியல், ஸ்வாப் எனும் வட்டு இடத்தின் நிலவரம் என்று முழுத்திரையும் நிரம்பிவிடுகிறது. டிரேஸைப் படித்தால், நெட்வொர்க் கார்டின் டிரைவர் வரவிருக்கும் பாக்கெட்டுகளுக்காக இடம் கேட்டு, கிடைக்காமல் திரும்பியிருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் சேவையில் எந்தக் குறையும் தென்படவில்லை. பேக்கப் முடிகிறது, இணைப்புகள் அறுபடவில்லை, எந்தப் ப்ராசஸும் கொல்லப்படவில்லை.

எங்கள் கண்காணிப்பு மென்பொருளோ ஸ்டாக் டிரேஸைக் கண்டாலே உயர்நிலை எச்சரிக்கை அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நள்ளிரவில் யாராவது ஒருவர் எழுந்து பார்த்து, "ஒன்றுமில்லை" என்று குறித்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

என் கேள்வி இந்த ஒரு டிரைவரைப் பற்றியது மட்டும் அன்று. இடம் கேட்ட நிரலுக்கு "இல்லை" என்ற விடை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நிரலும் அதற்கேற்ப நடந்துகொண்டுவிட்டது. அவ்விரண்டுக்கும் இடையில் முடிந்துபோன விவகாரத்தைக் கெர்னல் ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்? இயல்பாக மௌனமாக இருந்து, கேட்டவர் விரும்பினால் மட்டும் எச்சரிப்பது முறையாக இருக்காதா?


டிரைவர்நிரலர் எழுதியது:

கேள்வி நியாயமானது. ஆனால் "விடை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த நிரல் ஏற்றபடி நடந்துகொண்டது" என்ற இரண்டாவது பாதியை நீங்கள் ஊகமாகத்தான் சொல்கிறீர்கள். உங்கள் டிரைவர் விஷயத்தில் அது உண்மையாக இருக்கலாம். கெர்னலின் மற்ற பகுதிகளில் அது உண்மை என்று எடுத்துக்கொள்ளவே முடியாது.

லினக்ஸ் கெர்னலில் இடம் கேட்கும் நிரல், தன்னால் காத்திருக்க முடியுமா முடியாதா என்பதைக் கோரிக்கையோடு சேர்த்துச் சொல்கிறது. ஜிஎஃப்பி_கெர்னல் என்ற கொடியோடு கேட்டால், கெர்னல் பழைய பக்கங்களை விடுவித்து, தேவைப்பட்டால் ஊஎம் கில்லரை அழைத்து ஒரு ப்ராசஸைக் கொன்றாவது இடம் தேடித்தரும். ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று கேட்பவர் இண்டரப்ட் சூழலிலோ (வன்பொருளின் அவசர அழைப்புக்கு விடையளிக்கும் வேளையில்) ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டோ இருப்பவர். அவரால் ஒரு கணமும் உறங்க முடியாது. அவருக்காகக் குறைந்தபட்சக் கையிருப்பில் சற்றே கை வைக்க அனுமதி உண்டு. அதுவும் தீர்ந்தால் வெறுங்கைதான். உங்கள் லாகில் வருவது இந்த இரண்டாவது வகை.

முதல் வகையின் கதை வேறு. பக்கம் 4 கிலோபைட்டாக உள்ள இயந்திரங்களில் ஆர்டர் 3 வரை, அதாவது தொடர்ச்சியான 32 கிலோபைட் வரை, ஜிஎஃப்பி_கெர்னல் கோரிக்கை நடைமுறையில் தோற்பதே இல்லை; கெர்னல் விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். 2014-இன் இறுதியில் இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கெர்னல் வட்டாரத்தில் பெரிய விவாதமே நடந்தது. இதன் விளைவு என்னவென்றால், கெர்னல் முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் தோல்வியைக் கையாள எழுதப்பட்ட கிளைநிரல்கள் ஒருமுறைகூட ஓடியதில்லை. ஓடாத நிரல் சரியாக இருக்கும் என்று நம்ப யாருக்கும் முகாந்திரம் இல்லை. பாதி ஒதுக்கியதை விடுவிக்க மறந்திருக்கலாம். பூட்டைத் திறக்காமல் வெளியேறியிருக்கலாம். பிழைக்குறியை மேலே அனுப்பாமல் விழுங்கியிருக்கலாம். பத்து நிமிடம் கழித்து, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் கெர்னல் சரிந்து விழும்போது, அதற்கு முன்பு ஓர் ஒதுக்கீடு தோற்றது என்ற அந்த ஒரு வரிதான் துப்பு. எனவே எச்சரிக்கை இயல்பாக இருக்க வேண்டும், வேண்டாதவர் தம் கோரிக்கையில் "எச்சரிக்க வேண்டாம்" என்று பொருள்படும் நோவார்ன் கொடியைச் சேர்த்து அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடே சரி என்பது என் நிலைப்பாடு.

இன்னொன்றும் உண்டு. மையத்தில் ஒரே இடத்தில் எச்சரிக்கை இல்லாவிட்டால் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென ஒரு வாசகத்தை எழுதும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது கெர்னலின் நிரல் எழுதும் நெறி ஆவணமே, பொது ஒதுக்கீட்டுச் செயல்பாடுகள் தோல்வியில் டிரேஸ் தருவதால் தனியாகச் செய்தி அச்சிடுவதில் பயனில்லை என்கிறது. கெர்னல் திருத்தங்களைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவியும் அத்தகைய வரிகளைக் கண்டால் தேவையற்றது என்று சுட்டுகிறது. மைய எச்சரிக்கையை எடுத்துவிட்டால் அந்த வரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரும்.


சிறுகருவி எழுதியது:

மேலே எழுதியவர் எச்சரிக்கைக்கு விலையே இல்லை என்பதுபோல் எழுதுகிறார். நான் பணிபுரிவது, லாகை எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல் இணைந்த சிறு கருவிகளில். 115200 பாட் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 11,500 எழுத்துகள்தான் போகும். தோல்வி அறிக்கை 4,000 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், ஒரே அறிக்கையை வெளியேற்ற நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கிறது. பழைய பாணி கன்சோல் டிரைவர்களில் இந்த அச்சிடும் வேலையை, அழைத்த சிபியுவே செய்து முடிக்க வேண்டும். தோற்றது நெட்வொர்க் இண்டரப்டைத் தொடர்ந்து நடக்கும் சாஃப்ட்-ஐஆர்க்யூவில் என்றால், அந்த மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு அந்த சிபியுவில் வேறு எதுவும் நகராது. பாக்கெட்டுகள் வந்து குவியும், அவை காத்திருக்கும் வளையம் நிரம்பும், நிலைமை மேலும் மோசமாகும். ஒதுக்கீடு தோற்றதால் ஒரு பாக்கெட் போயிருக்கும். அதை அறிவித்ததால் நூற்றுக்கணக்கில் போகின்றன.

அச்சிடுதலைத் தனி த்ரெட்டுக்கு மாற்றும் பணி கெர்னலில் நடந்து வருகிறது என்பதை அறிவேன். எல்லாக் கன்சோல் டிரைவர்களும் அந்த முறைக்கு மாறிவிடவில்லை. களத்தில் இருக்கும் கருவிகளில் உள்ள கெர்னல்களும் பழையவை.

லாகை வலையமைப்பின் வழியாக அனுப்பும் நெட்கன்சோல் நிலைமை இன்னும் விசித்திரமானது. நினைவகம் இல்லை என்ற செய்தியை அனுப்ப ஒரு பாக்கெட் வேண்டும். பாக்கெட்டுக்கு நினைவகம் வேண்டும். இதற்காகவே அது முன்கூட்டியே ஒதுக்கிய பாக்கெட்டுகளின் சிறு கையிருப்பு ஒன்றை வைத்திருக்கிறது. எச்சரிக்கைக்குள்ளேயே எச்சரிக்கை பிறக்காமல் தடுக்க இத்தனை ஏற்பாடு.

கன்சோலின் லாக் லெவலை (எவ்வளவு தீவிரமான செய்திகளைக் காட்டலாம் என்ற வரம்பை) 4 என்று வைத்தால் இந்த வகை எச்சரிக்கை சீரியலுக்குப் போகாது, உள் பஃபரில் மட்டும் இருக்கும் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதே லெவலில் உள்ள மற்ற எல்லா எச்சரிக்கைகளும் கூடவே மறைகின்றன. உள் பஃபரும் பெரும்பாலும் 128 அல்லது 256 கிலோபைட்தான். இத்தகைய அறிக்கைகள் சில டசன் வந்தால் பூட் ஆனபோது பதிவான முக்கியமான வரிகள் அழிந்துபோகும்.


புதுவரவு எழுதியது:

இடையில் ஓர் அடிப்படைக் கேள்விக்குப் பொறுத்தருள வேண்டும். நான் பயன்பாட்டு நிரல்கள் மட்டுமே எழுதுபவன். என் நிரலில் நினைவகம் கேட்கும் மாலாக் அழைப்பு, "இல்லை" என்று பொருள்படும் நல் தருவதை நான் பார்த்ததே இல்லை. அது தோற்றாலும் இதே அறிக்கை வருமா?


டிரைவர்நிரலர் எழுதியது:

வராது. நீங்கள் மாலாக் அழைக்கும்போது கெர்னல் பெரும்பாலும் முகவரி வெளியை மட்டுமே தருகிறது. நீங்கள் அதைத் தொடும்போதுதான் உண்மையான பக்கம் ஒதுக்கப்படும். இருப்பதைவிட அதிகமாக வாக்களிக்க விடும் ஓவர்கமிட் அமைப்பு இயல்பான 0-இல் இருக்கும்வரை, அப்பட்டமாக அளவு மீறிய கோரிக்கைகள் மட்டுமே மறுக்கப்படும். எனவே உங்களுக்குப் பற்றாக்குறை நல் வடிவில் வராமல், பின்னர் ஊஎம் கில்லர் வடிவில் வருகிறது. அந்தக் கில்லர் எழுதும் அறிக்கை வேறு. ஒரு ப்ராசஸ் செத்திருக்கும்போது அதை எழுதலாமா கூடாதா என்று யாரும் வாதிடுவதில்லை. அமைப்பை 2-க்கு மாற்றினால், வாக்களித்த மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் நல் வரத் தொடங்கும். அந்த வரம்பு இயல்பாக, ஸ்வாப்போடு ராமில் 50 விழுக்காட்டைக் கூட்டியது. இந்த இழையில் பேசப்படுவது கெர்னல் தனக்காகவே கேட்கும் நினைவகத்தைப் பற்றி.


பிழைவேட்டை எழுதியது:

சீரற்ற உள்ளீடுகளைக் கொடுத்துக் கெர்னலைச் சோதிக்கும் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். இங்கே இரண்டு வெவ்வேறு எச்சரிக்கைகள் ஒன்றாகக் குழப்பப்படும் அபாயம் இருக்கிறது.

சேவையகக்காவலன் காட்டியது சாதாரண லாக் வரி. டிரேஸ் இருந்தாலும் அது, நிரலில் தவறு இருப்பதை அறிவிக்கும் வார்ன் மேக்ரோவிலிருந்து வருவதன்று. எனவே வார்ன் வந்தாலே இயந்திரத்தை நிறுத்தும் பேனிக்-ஆன்-வார்ன் அமைப்பை இயக்கியிருந்தாலும் இயந்திரம் நிற்காது. வேறொன்று இருக்கிறது. எக்ஸ்86 செயலிகளில், பக்கங்களைத் தரும் பட்டி (buddy) ஒதுக்கீட்டாளர் தரக்கூடிய மிகப் பெரிய துண்டு ஆர்டர் 10, அதாவது 4 மெகாபைட். அதற்கு மேல், கெர்னலின் ஒதுக்கீட்டுச் செயல்பாடான கேமாலாக்கிடம் கேட்டால், நினைவகம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அது கிடைக்கவே போவதில்லை. அப்போது வருவது உண்மையான வார்ன்; இயந்திரம் ஒருமுறை பூட் ஆனால் ஒரே ஒரு தடவை மட்டும் அச்சாகும்; பேனிக்-ஆன்-வார்ன் இருந்தால் இயந்திரத்தையே நிறுத்திவிடும். பொருளும் வேறு: முன்னது "இப்போது இடம் இல்லை" என்கிறது, பின்னது "நீ கேட்டதே தவறு" என்கிறது.

பின்னதில்தான் எங்களுக்குச் சங்கடம். கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு ஐஆக்டில் அழைப்பிலோ பைல் சிஸ்டத்தின் தலைப்பகுதியிலோ பயனர் தரும் ஓர் எண், சரிபார்க்கப்படாமல் நேராக ஒதுக்கீட்டு அளவாகப் போய்விடுகிறது. சோதனைக் கருவி அங்கே பெரிய எண்ணைக் கொடுக்கிறது, வார்ன் வருகிறது, பிழை அறிக்கை பதிவாகிறது. அதற்குப் பராமரிப்பாளர்கள் அனுப்பும் திருத்தம் பல நேரங்களில் ஒற்றைச் சொல்தான்: நோவார்ன். எண்ணுக்கு ஒரு மேல்வரம்பு வைப்பதுதான் உண்மையான திருத்தம். நோவார்ன் சேர்ப்பது புகார் சொன்னவரின் வாயைக் கட்டுவதே. 2021-இல் கேவிமாலாக் என்ற மற்றோர் ஒதுக்கீட்டுச் செயல்பாட்டுக்கு 2 கிகாபைட்டை ஒட்டிய ஓர் உச்சவரம்பு வைத்து, மீறினால் வார்ன் வரும்படி செய்தார்கள். பின்னர் நோவார்ன் கொடி இருந்தால் அதுவும் அடங்கும்படி மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனாலும் பயனர் கட்டுப்பாட்டில் இருக்கும் அளவுக்கு எதிராக இருந்த ஒரு கதவு அதனால் சற்றே திறந்துகொண்டது என்றே எண்ணுகிறேன்.

மறுபுறம், நோவார்ன் முற்றிலும் பொருத்தமான இடங்களும் உள்ளன. கெர்னலே அதற்கு முன்மாதிரி. கேவிமாலாக் முதலில் தொடர்ச்சியான இடத்தை நோவார்னோடு கேட்கிறது. கிடைக்காவிட்டால் சிதறிய பக்கங்களைக் கோத்துத் தரும் விமாலாக்குக்குப் போகிறது. சிறு பொருள்களுக்கு இடம் தரும் ஸ்லப் ஒதுக்கீட்டாளரும் பெரிய துண்டை நோவார்னோடு கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் சிறியதற்கு இறங்குகிறது. கையில் மாற்றுவழி இருப்பவர் முதல் முயற்சி தோற்றதை அறிவிப்பது பொய் எச்சரிக்கைக்குச் சமம்.

எனவே தோல்வி தீங்கற்றதா என்பது ஒதுக்கீட்டாளருக்குத் தெரியாது. ஆர்டர், சூழல், எவ்வளவு காலியிடம் இருந்தது என்பவை மட்டுமே அதற்குத் தெரியும். மாற்றுவழி உண்டா என்பது கேட்டவருக்கு மட்டுமே தெரியும். தீர்மானம் அழைப்பவரிடம் இருக்கட்டும், இயல்புநிலை எச்சரிப்பதாகவே இருக்கட்டும் என்பதில் டிரைவர்நிரலருடன் ஒத்துப்போகிறேன்.

தோல்விக் கிளைகள் ஓடியதே இல்லை என்று அவர் சொன்னதற்கு மட்டும் ஒரு குறிப்பு. அவற்றை ஓட்டிப் பார்க்கவே ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்-பேஜ்-அலாக் என்ற செயற்கைத் தோல்வி வசதிகள் கெர்னலில் உள்ளன. விண்டோஸில் டிரைவர் வெரிஃபையருக்கும் வளப் பற்றாக்குறையைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டும் முறை ஒன்று உண்டு. எச்சரிக்கை என்பது தோல்வி நடந்த பிறகு வருவது. இவையோ தோல்வி நடக்கும் முன்பே கிளையைச் சோதிக்கின்றன. உங்கள் டிரைவரை எழுதியவர்கள் இதைச் செய்திருந்தால் அந்த லாக் வரியைக் கண்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை.


பிஎஸ்டிவாசி எழுதியது:

இந்த விவாதம் முழுவதும் "அச்சிடு அல்லது வாயை மூடு" என்ற இரண்டுக்குள்ளேயே சுற்றுகிறது. மூன்றாவது வழி ஒன்று பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது: எண்ணிக்கொண்டு போ.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் எம்-வெயிட்ஓகே என்று கேட்டால் நல் வரவே வராது, கேட்டவர் காத்திருப்பார். எம்-நோவெயிட் என்று கேட்டால் நல் வரலாம். அது வருமென்று எதிர்பார்த்துத்தான் நிரல் எழுதப்பட வேண்டும். அந்த இரண்டாவது வகைத் தோல்விக்கு லாகில் பொதுவான அலறல் எதுவும் கிடையாது. ஆனால் விஎம்ஸ்டாட் கட்டளையை இசட் விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு ஒதுக்கீட்டு மண்டலத்துக்கும் (ஒரே வகைப் பொருள்களுக்கான தொகுப்பு; லினக்ஸின் நினைவக மண்டலம் அன்று) எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை தோற்றன என்று தனித்தனி நெடுவரிசைகளில் தெரியும். ஒரு மண்டலம் தன் உச்சவரம்பைத் தொட்டது நிர்வாகிக்குத் தெரிய வேண்டும் என்று அதன் ஆசிரியர் கருதினால், அந்த மண்டலத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை வாசகத்தைப் பதிவு செய்யலாம். அதுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அச்சாகாது. நெட்வொர்க் தரவுக்கான எம்பஃப் கிளஸ்டர்கள் தீர்ந்தால் எந்த அமைப்பின் வரம்பு எட்டப்பட்டது என்றே அந்த வரி சொல்கிறது. படித்தவுடன் எதைக் கூட்ட வேண்டும் என்பது புரிந்துவிடும். லினக்ஸின் முழுத்திரை அறிக்கையைப் படித்து அதே முடிவுக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சோலாரிஸ் வழிவந்த இல்லுமோஸிலும் இதே மரபுதான். ஒவ்வொரு கேமெம் கேஷுக்கும் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்று டீபக்கரில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணி வைப்பதற்கு ஒரு கூட்டல் கணக்குதான் செலவு. சிறுகருவி அஞ்சும் சீரியல் கன்சோல் சிக்கல் அதில் இல்லை. சேவையகக்காவலனின் தூக்கமும் கெடாது.


டிரைவர்நிரலர் எழுதியது:

எண்ணுவதை மறுக்கவில்லை. உண்மையில் நல்ல நெட்வொர்க் டிரைவர்கள் பல இதை ஏற்கெனவே செய்கின்றன. ஈத்டூல் கட்டளையின் புள்ளிவிவரங்களில் வரவு பஃபர் ஒதுக்கத் தவறிய முறைகளின் எண்ணிக்கை தனி வரியாகத் தெரியும். லினக்ஸிலும் மொத்த நிலவரத்துக்கான எண்ணிகளுக்குப் பஞ்சமில்லை: விஎம்ஸ்டாட் கோப்பில் நேரடி மீட்பு (இடம் கேட்டவரே பக்கங்களை விடுவிப்பது) எத்தனை முறை நடந்தது, பக்கங்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி எத்தனை முறை தோற்றது என்பன உள்ளன, ப்ராசஸ் குழுக்களுக்கு வள வரம்பு வைக்கும் சிகுரூப்களுக்கு மெமரி ஈவண்ட்ஸ் கோப்பு உண்டு, 2018-இல் வந்த 4.20 பதிப்பிலிருந்து நினைவக நெருக்கடி அளவீடும் உண்டு.

ஆனால் எண்ணி வைத்த எண் "எத்தனை" என்று மட்டும் சொல்லும். தோற்ற அந்தக் கணத்தில் நினைவகம் எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது. ஆர்டர் 4 கோரிக்கை தோற்றபோது மண்டலத்தில் நூற்றுக்கணக்கான மெகாபைட் காலியாக இருந்தது, ஆனால் அத்தனையும் 4, 8 கிலோபைட் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது என்ற செய்தி, அறிக்கையின் அந்தச் சலிப்பூட்டும் பட்டியலில்தான் இருக்கிறது. காலியிடமே இல்லாமல் தோற்றதும், சிதறலால் தோற்றதும் எண்ணியில் ஒரே 1 ஆகத்தான் பதிவாகும். முன்னதற்கு ராம் வாங்க வேண்டும். பின்னதற்கு வாங்கியும் பயனில்லை. பெரிய ஃப்ரேம்களுக்காக 9000 பைட் பஃபரைத் தொடர்ச்சியாகக் கேட்ட பழைய டிரைவர்கள் ஆர்டர் 2-இல் தோற்றுக்கொண்டிருந்ததை இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். அதன் பிறகுதான் தனித்தனிப் பக்கங்களாகக் கேட்கும் முறை பரவியது. ஐந்து நிமிடம் கழித்து வந்து காலித் துண்டுகளைக் காட்டும் பட்டிஇன்ஃபோ கோப்பைப் பார்த்தால் அந்தக் கணம் போயிருக்கும்.


சிறுகருவி எழுதியது:

அந்த அறிக்கையின் மதிப்பை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதன் முதல் வரியைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதில் ஒரு ப்ராசஸின் பெயர் வருகிறது அல்லவா? இண்டரப்ட் சூழலில் தோற்ற ஒதுக்கீட்டுக்கும் அந்தப் ப்ராசஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் கணத்தில் அந்த சிபியுவில் ஓடிக்கொண்டிருந்ததுதான் அது செய்த ஒரே பாவம். வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் டேட்டாபேஸில் கசிவு என்று புகார் எழுதுகிறார்கள். டிரேஸைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. படிக்கத் தெரியாதவர்தான் பெரும்பான்மை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது; இங்கே இதுவரை யாரும் தொடவில்லை. இன்றைய கெர்னலில் இந்த அறிக்கைக்குப் பத்து நொடிக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாடு கெர்னல் முழுமைக்கும் பொதுவானது. அழைக்கும் இடத்துக்கு ஒன்று என்று அமைந்ததன்று. ஒரு நெட்வொர்க் டிரைவர் நொடிக்கு நொடி தீங்கில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு பத்து நொடிக்குமான அந்த ஒற்றை இடத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதே இடைவெளியில் பைல் சிஸ்டத்தின் ஓர் ஒதுக்கீடு, நாள் முழுவதிலும் ஒரே ஒருமுறை, ஆபத்தான இடத்தில் தோற்றால், அது "இத்தனை அழைப்புகள் அடக்கப்பட்டன" என்ற வரியில் ஒரு எண்ணாகக் கரைந்துவிடும். யாருடையது அடங்கியது என்று அந்த வரி சொல்வதில்லை. ஆகவே டிரைவர்நிரலர் துப்பு என்று சொல்லும் அந்த அறிக்கை, அதிகம் தேவைப்படும் நெருக்கடி நேரத்தில்தான் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். தீங்கற்றதை அடக்குவது நிர்வாகியின் தூக்கத்துக்காக மட்டும் அன்று. தீங்கானதற்கு இடம் விடுவதற்காகவும்தான்.


பிழைவேட்டை எழுதியது:

இது சரியான இடத்தில் கை வைத்த கருத்து. இதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: சிகுரூப் வரம்பால் மறுக்கப்படும் கெர்னல் ஒதுக்கீடுகளுக்குப் பக்க ஒதுக்கீட்டாளர் எந்த அறிக்கையும் தருவதில்லை. பக்கம் கிடைக்கிறது; கணக்கில் ஏற்ற முடியவில்லை; திருப்பிக் கொடுக்கப்படுகிறது; அழைத்தவருக்கு நல். கண்டெயினர்கள் நிறைந்த இயந்திரங்களில் தோல்விக் கிளைகள் இப்படித்தான் ஓசையில்லாமல் ஓடுகின்றன. "தோல்வி எல்லாம் லாகில் தெரியும்" என்று நம்பி டிரைவரில் தனிச் செய்தி எழுதாமல் விடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கெர்னல் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் டிரேஸ்பாயிண்ட் வழியையும் யாரும் குறிப்பிடவில்லை. பக்க ஒதுக்கீட்டு டிரேஸ்பாயிண்ட், ஒதுக்கீடு தோற்றாலும் பதிவாகும். பக்கத்தின் இடத்தில் வெறுமை இருக்கும். அந்த வெறுமையை மட்டும் வடிகட்டி எடுத்தால் நோவார்ன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தோல்விகளும், ஆர்டரோடும் கொடிகளோடும் கிடைக்கும். ஆனால் அது முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் மட்டுமே.


பிஎஸ்டிவாசி எழுதியது:

சிறுகருவி சொன்ன பொதுக் கட்டுப்பாடு சிக்கலுக்குத் தீர்வு, அழைக்கும் இடத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைப்பதுதானே? மண்டலத்துக்கு ஒரு நேரக்கணக்கு வைப்பதைத்தான் ஃப்ரீபிஎஸ்டி செய்கிறது.


டிரைவர்நிரலர் எழுதியது:

ஃப்ரீபிஎஸ்டியின் மண்டலங்கள் எண்ணிக்கையில் குறைவு. அழைக்கும் இடங்கள் பல்லாயிரம். ஒவ்வொன்றுக்கும் நிலை வைத்தால் நினைவகச் செலவு ஒருபுறம். பற்றாக்குறை உண்மையாகவே கடுமையாகும்போது இருநூறு இடங்கள் ஆளுக்கொரு முழுத்திரையை அச்சிடும் நிலை மறுபுறம். அதைத் தடுக்க மறுபடியும் ஒரு பொது வரம்பு தேவைப்படும். முதல் வரியை மட்டும் இடத்துக்கு ஒன்றாக அனுமதித்து, நினைவக மண்டலப் பட்டியலைப் பொது வரம்புக்குள் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரலாம். யாராவது பேட்ச் அனுப்பினால் ஆதரிப்பேன். என் அளவில் அது என் பகுதி அன்று.


சேவையகக்காவலன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இயல்பாக மௌனம் வேண்டும் என்று கேட்டுத் தொடங்கினேன். அந்தக் கோரிக்கையை இப்போது வலியுறுத்தவில்லை. ஆனால் "எச்சரிக்கை இருப்பதில் தவறில்லை, நீங்கள் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்ற தொனியையும் ஏற்கவில்லை. தன் தோல்வி தீங்கற்றது என்று தெரிந்த நிரல் அதைச் சொல்லாமல் இருப்பது அந்த நிரலின் குறை.

டிரைவரின் மூலநிரலைப் பார்த்தேன். பஃபர் கிடைக்காவிட்டால் வளையத்தின் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த சுற்றில் மீண்டும் முயல்கிறது. இடையில் விழும் பாக்கெட்டை டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்கிறது. அந்தத் தோல்வியை எண்ணும் எண்ணி எதுவும் அதில் இல்லை. எனவே நோவார்ன் கொடியையும் ஈத்டூலில் தெரியும் ஓர் எண்ணியையும் ஒரே பேட்சில் சேர்த்துப் பராமரிப்பாளருக்கு அனுப்பவிருக்கிறேன். எண்ணி இல்லாமல் கொடியை மட்டும் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேக்கப் இயந்திரங்களில் குறைந்தபட்சக் கையிருப்பை நிர்ணயிக்கும் மின்-ஃப்ரீ-கேபைட்ஸ் அமைப்பைச் சற்று உயர்த்தி, பின்னணியில் பக்கங்களை விடுவிக்கும் கேஸ்வாப்டி முன்னதாகவே விழித்துக்கொள்ளும்படியும் செய்திருக்கிறேன்.

கண்காணிப்பு விதியையும் மாற்றியாயிற்று. ஆர்டர் 0, அட்டாமிக் என்ற இரண்டும் சேர்ந்த வரிக்கு இனி யாரையும் எழுப்பாது. காலை அறிக்கையில் மட்டும் வரும். ஜிஎஃப்பி_கெர்னல் தோற்றாலோ, "அழைப்புகள் அடக்கப்பட்டன" என்ற வரி வந்தாலோ எழுப்பும்.


சிறுகருவி எழுதியது:

அட்டாமிக் வரி எல்லாவற்றையும் காலைக்குத் தள்ள வேண்டாம். ஸ்டாக் டிரேஸில் உங்கள் நெட்வொர்க் டிரைவரின் பெயரும் இருந்தால் மட்டும் தள்ளுங்கள். சேமிப்பகக் கன்ட்ரோலரின் டிரைவரும் அட்டாமிக்காகத்தான் கேட்கும். அங்கே மறுபடி அனுப்ப டிசிபி இல்லை.


சேவையகக்காவலன் எழுதியது:

சரி. விதியில் டிரைவரின் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.